ஆரோக்கியமான பற்கூழில் நோயெதிர்ப்புச் செல்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த முதுநிலை மாணவி ஒருவர், பற்கூழைக் (பல்லின் உள்ளே நரம்பும் இரத்த நாளங்களும் உள்ள மென்திசுவை) கரைத்துச் செல்களைப் பிரிக்க வைத்திருந்த செய்முறைத் தாளை அண்மையில் என்னிடம் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நான் பின்பற்றிய அதே நொதிகளும் அதே அளவுகளும் அதில் இருந்தன. குழாயில் பெயர் எழுத மறப்பது, காலாவதியான ஆன்டிபாடியை (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் பொருளை) பயன்படுத்துவது போன்ற பிழைகளை யாரும் திருத்திவிடுவார்கள். ஆகவே அவற்றை இங்கே விட்டுவிட்டு, அந்தத் தாளைப்போல் கண்ணில் படாமலே கைமாறும் தவறுகளைச் சொல்கிறேன்.

வலியில்லாத பல் எல்லாம் ஆரோக்கியமான பல் என்று கொள்ளுதல்

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அடுக்கை எட்டிய சிறிய சொத்தைகூட அதன் நேர் கீழேயுள்ள கூழில் நோயெதிர்ப்புச் செல்களைத் திரளச் செய்யும். பல் சீரமைப்புக்காக எடுக்கும் முன்கடைவாய்ப் பற்களையும், சொத்தையோ ஈறு வீக்கமோ இல்லாத ஞானப்பற்களையும் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்டெம் செல் செய்முறையைக் கடன் வாங்குதல்

2000ஆம் ஆண்டில் கிராந்தோஸ் குழுவினர் பற்கூழ் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தபோது, ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் கொலாஜினேஸும் 4 மில்லிகிராம் டிஸ்பேஸும் (இரண்டும் திசுவைப் பிணைக்கும் புரதங்களை வெட்டும் நொதிகள்) சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தனர். அவர்கள் நோக்கத்துக்கு அது மிகப் பொருத்தமானது. ஏனெனில் அந்தச் செல்கள் பல நாள் வளர்ப்பில் இருந்து, இழந்த மேற்பரப்புப் புரதங்களை மீண்டும் உருவாக்கிக்கொள்கின்றன. நோயெதிர்ப்புச் செல்களையோ நாம் அன்றைக்கே ஆன்டிபாடியிட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரிக்கும் கருவியில்) எண்ணுகிறோம். டிஸ்பேஸ் வெட்டிய புரதம் அதற்குள் திரும்பி வராது.

இதை அறியாமல் ஏழு மாதங்களையும் நாற்பதுக்கும் மேற்பட்ட பற்களையும் நான் இழந்தேன். என் மாதிரிகளில் சிடி3 என்ற அடையாளப் புரதம் உள்ள டி செல்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில், வழக்கமாக டி செல்களில் ஏதேனும் ஒன்றாவது இருக்கும் சிடி4, சிடி8 புரதங்கள் இரண்டுமே இல்லை. பற்கூழுக்கென்று தனி வகை டி செல்கள் குடியிருக்கின்றன என்றே நம்பி, மாநாட்டுக்குச் சுவரொட்டியும் தயாரித்துவிட்டேன். அதைப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர், "இரத்த செல்களை இதே நொதியில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே என் இரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களைப் போட்டுப் பார்த்தேன். அவற்றிலும் சிடி4, சிடி8 மங்கிப்போயிருந்தன. பற்களைக் கொடுத்தவர்கள் படிவத்தில் கையெழுத்திட்டு நம்பிக் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. அந்தச் செய்முறை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இன்னமும் கைமாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது கோபமே வருகிறது.

டிஸ்பேஸைத் தவிர்த்து, கொலாஜினேஸுடன், செத்த செல்களிலிருந்து கசியும் டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் மட்டும் சேர்த்து, கரைக்கும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். எந்த நொதியானாலும், முதல் பல்லைத் தொடுவதற்கு முன் இரத்த வெள்ளணுக்களை அதில் இட்டு, இடாதவற்றோடு ஒப்பிடுங்கள்.

கூழைப் பிடுங்கி எடுத்தல்

இயல்பான பற்கூழிலேயே நோயெதிர்ப்புத் திறனுள்ள செல்கள் இருப்பதை 1987இல் யான்டெல் குழுவினர் காட்டினர். அவற்றில், அந்நியப் பொருள்களைப் பிடித்து டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்கள் பெரும்பாலும் கூழின் விளிம்பில், டென்டினை உருவாக்கும் ஒடோன்டோபிளாஸ்ட் செல்களின் அடுக்கையொட்டி இருக்கின்றன. முட்களுள்ள மெல்லிய கம்பிக் கருவியால் கூழை இழுத்தால் அந்த அடுக்கின் பெரும்பகுதி டென்டின் சுவரிலேயே தங்கிவிடும். பிறகு "டென்ட்ரைட்டிக் செல்கள் குறைவு" என்று எழுதுவோம். குளிர்நீர் பாய்ச்சியபடி பல்லைப் பிளந்து, சுவரையும் மெல்லச் சுரண்டி எடுங்கள்.

இரத்தத்தைத் திசுவென்று எண்ணுதல்

நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் மிகுந்திருந்தால், அவை திசுவில் இருந்தவையா, நுண்குழாய்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தவையா என்பதைச் சைட்டோமெட்ரி சொல்லாது. இரத்த நாளச் சுவரைக் காட்டும் சிடி31 சாயத்தோடு ஒரு திசு வெட்டையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே பல்லை வைத்து விழுக்காடு கணக்கிடுதல்

ஒரு பல்லின் கூழ் சராசரியாக 0.02 மில்லிலிட்டர்தான், அதில் வெள்ளணுக்கள் மிகச் சொற்பம்; சில செல்கள் கூடினாலோ குறைந்தாலோ விழுக்காடே மாறிவிடும்.

கரைக்கும்போது ஈடிடிஏ சேர்த்தல்

ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்; கால்சியம் இல்லாமல் கொலாஜினேஸ் இயங்காது. கரைத்து முடித்தபின் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.