முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் நீதிபதி தேர்தலில் நின்றால், அவர் போட்ட ஓட்டுகளை எப்படிப் படிப்பது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தியாவில் கொலீஜியத்தோடு முடிந்துவிடும் விஷயம் இங்கே ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை வாக்குச்சீட்டில் வருகிறது, பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது, ஜெயித்தவர் 10 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருப்பார். இன்ன வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளிப்பேன் என்று வேட்பாளர் வாக்குக் கொடுக்க நீதித்துறை நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. அதனால் பிரசாரத்தில் நடுநிலை, நேர்மை, அரசியலமைப்பு என்ற மூன்று சொற்களுக்கு மேல் அதிகம் கிடைக்காது.

ஆனால் அவர் முன்பு சட்டமன்றத்தில் இருந்தவர் என்றால் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அவர் கை தூக்கிய விஷயங்களெல்லாம் பதிவில் இருக்கின்றன. 1979 முதல் 1996 வரை சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியில் இருந்து, சபாநாயகராகவும் இருந்த டேவிட் ப்ராசர் 1998-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஜனநாயகக் கட்சி உறுப்பினராக இருந்த கிறிஸ் டெய்லர் 2020-ல் அசெம்பிளியை விட்டு நீதிபதியாகி, பிறகு 2026 உச்ச நீதிமன்றத் தேர்தலுக்கு வேட்பாளராக வந்தார். இப்படிப்பட்டவர்களின் பதிவைத் தப்பாகப் படிப்பது ரொம்ப சுலபம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் அவர் சபைக்கு வந்த தேதியையும் போன தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு மட்டும் போதாது, மாதமும் வேண்டும். ஏன் என்றால், விஸ்கான்சினில் யாரைப் பற்றிப் பேசினாலும் ஆக்ட் 10 வந்துவிடும்: பெரும்பாலான அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை (சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமையை) ஏறக்குறைய முழுதாக எடுத்துவிட்ட சட்டம், 2011 மார்ச்சில் நிறைவேறியது. டெய்லர் சபைக்கு வந்தது அதே 2011-ல்தான், ஆனால் ஆகஸ்ட் இடைத்தேர்தலில். ஆக, அந்தச் சட்டத்துக்கு அவர் ஓட்டுப் போட்டார் என்றோ எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்றோ யார் சொன்னாலும் அது தவறு.

அப்புறம் சட்டமன்றத்தின் அதிகாரபூர்வ இணையதளத்துக்குப் போங்கள். ஒற்றைப்படை ஆண்டில் தொடங்கும் இரண்டாண்டுக் கூட்டத்தொடர் வாரியாக எல்லாம் இருக்கும். மசோதாவின் பக்கத்தைத் திறந்து அதன் வரலாற்றை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் படியுங்கள். நடுவில் எங்காவது "திருத்தம் 1 மேசையில் வைக்கப்பட்டது, ஆதரவு 60, எதிர்ப்பு 35" என்கிற மாதிரி ஒரு வரி வரும். இங்கே நிதானமாக இருங்கள். மேசையில் வைப்பது என்றால் அந்தத் திருத்தத்தை ஓரங்கட்டுவது. அதாவது இந்த வரியில் ஆதரவு என்று போட்டவர்தான் திருத்தத்தை வீழ்த்தியவர், எதிர்ப்பு என்று போட்டவர் அதைக் காப்பாற்றப் பார்த்தவர். நானே முதல் தடவை இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நண்பர் ஒருவரிடம் சொல்லியும் விட்டேன், பிறகு கூப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. ஓட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சபையின் முன் வைக்கப்பட்ட கேள்வி என்ன என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, ஓட்டுப் போடாதவர்கள். வாக்கெடுப்புப் பக்கத்தில் பெயருக்கு எதிரே ஆதரவு, எதிர்ப்பு, இரண்டும் இல்லாவிட்டால் 'என்வி' (NV, ஓட்டுப் போடவில்லை) என்று இருக்கும். என்வி என்றதும் சபைக்கு மட்டம் போட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2011 பிப்ரவரி 25 அதிகாலை, 60 மணி நேரத்துக்கு மேல் விவாதம் நடந்தபின், அசெம்பிளியில் ஆக்ட் 10 மசோதாவுக்கு வாக்கெடுப்பைத் திறந்து சில நொடிகளில் மூடிவிட்டார்கள். முடிவு 51-17. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் சபைக்குள்ளேயே இருந்தும் பொத்தானை அழுத்த நேரம் கிடைக்கவில்லை. அதே நாட்களில் மேலவையான செனட்டில் அந்தக் கட்சியின் 14 பேர், வாக்கெடுப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை (கோரம்) சேரக்கூடாது என்பதற்காகவே இல்லினாய்ஸ் மாநிலத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பதிவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஒருவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது, இன்னொருவர் வேண்டுமென்றே விலகி நின்றார். அந்தத் தேதிக்கான பத்திரிகைச் செய்தியைத் தேடாமல் இந்த வித்தியாசம் புரியாது.

பட்ஜெட் மசோதாவின் இறுதி ஓட்டை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஆயிரம் விஷயங்களுக்கு ஒரே ஓட்டு அது. ஏகமனதாகப் போனவையும் அப்படித்தான். குரல் வாக்கெடுப்பில் யார் பக்கம் யார் என்று பதிவே இருக்காது. ஏதாவது ஓர் அமைப்பு போட்டுத் தரும் மதிப்பெண் பட்டியலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், எந்த ஓட்டுகளை எண்ணுவது என்று தீர்மானித்தது அவர்கள்தான்.

சரி, எதைப் பார்ப்பது? எனக்குப் பிடித்த சட்டத்துக்கு ஓட்டுப் போட்டாரா என்பதை விட, அதிகாரத்தின் எல்லையைப் பற்றிய ஓட்டுகளைத்தான் நான் தேடுகிறேன். 2018 டிசம்பரில், தேர்தலில் தோற்ற ஆளுநர் ஸ்காட் வாக்கர் பதவியை விட்டுப் போவதற்குள், அடுத்து வரவிருந்த ஆளுநர் டோனி எவர்ஸ், அட்டர்னி ஜெனரல் ஜோஷ் கால் இருவரின் அதிகாரங்களைக் குறைக்கும் மசோதாக்களை விடிய விடிய உட்கார்ந்து நிறைவேற்றினார்கள். செனட்டில் ஒரு மசோதா 17-16 என்று நூலிழையில் தப்பியது, பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர் மறுபக்கம் போனதால். அப்படி மறுபக்கம் போகும் ஒற்றை ஓட்டு நூறு கட்சி ஓட்டுகளை விட அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. நாளைக்கு நீதிபதியாக இருப்பவர் தன் பழைய கூட்டாளிகளுக்கு எதிராக எழுத வேண்டி வரும். அந்தத் தெம்பு முன்பு ஒரு தடவையாவது தெரிந்ததா என்று பாருங்கள். சபையில் எதிர்க்கட்சியாக இருந்தவருக்கும் இதே அளவுகோல்தான், தன் கட்சிக்காரர் ஆளுநராக இருந்த காலத்தில் அவருக்கு எதிராக எப்போதாவது ஓட்டுப் போட்டாரா? உங்களுக்குப் பிடித்த வேட்பாளரிடம் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

கடைசியாக, அவர் முன்மொழிந்த அல்லது இணைந்து கையெழுத்திட்ட மசோதாக்களில் இப்போது நீதிமன்றத்தில் இருப்பவை எவை என்று ஒரு சிறு பட்டியல் எடுங்கள். ஆக்ட் 10-ன் பெரும்பகுதி செல்லாது என்று 2024 டிசம்பரில் டேன் கவுண்டி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார், மேல்முறையீடு போனது. வாக்கரின் சட்ட ஆலோசகராக அந்தச் சட்டத்தில் வேலை செய்திருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி பிரையன் ஹேகடார்ன் 2025-ல் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். விலகுவதா இல்லையா என்பதை அங்கே பெரும்பாலும் அந்த நீதிபதியேதான் முடிவு செய்கிறார். வேட்பாளர் கூட்டத்தில், "இந்த மசோதா எண், இந்தத் தேதி, நீங்கள் இப்படி ஓட்டுப் போட்டீர்கள், இதே சட்டம் உங்கள் முன் வந்தால் விலகுவீர்களா?" என்று கேளுங்கள். தீர்ப்பைப் பற்றித்தான் அவர் வாக்குக் கொடுக்கக் கூடாது, விலகுவதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

மூன்று பேர் அல்லது அதற்கு மேல் நின்றால் பிப்ரவரி மூன்றாம் செவ்வாயன்று முதற்கட்டத் தேர்தல் நடக்கும், அதனால் இந்த வேலையை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.