கோவையிலிருந்து நந்தி மலைக்கு ஒரு வைன் பயணம்

வைன் தோட்டம் பார்க்க நாசிக் வரை போக வேண்டியதில்லை. பெங்களூரு தாண்டி நந்தி மலை அடிவாரமே போதும். சேலம், ஓசூர் வழியாக 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பிப்ரவரி, மார்ச்சில் போனால் கொடியில் குலையோடு பார்க்கலாம். தோட்டம் சுற்றி வைன் ருசி பார்க்க முன்பதிவு செய்துவிடுங்கள். அப்புறம், வண்டி ஓட்டுகிற ஆள் குடிக்கக் கூடாது, அதனால் வாடகை வண்டிதான் நல்லது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சென்ட் வேண்டாம், தலையில் மல்லிகையும் வேண்டாம். போன தடவை எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் குளித்த மாதிரி சென்ட் அடித்து வந்ததில், எந்தக் கிளாஸை மோந்தாலும் அவர் வாசம்தான்.

ருசி பார்க்கும் வரிசை: முதலில் வெள்ளை வைன், பிறகு ரோஸே என்கிற இளஞ்சிவப்பு வைன், கடைசியில் சிவப்பு. கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். சுழற்றி, மோந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்க உருட்டுங்கள். சோவின்யோன் பிளாங்க் என்கிற வெள்ளை வைனில் கொய்யா வாசம் வரலாம். சிவப்பில் ஈறு பிடித்து இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, பாக்கு மென்ற மாதிரி, அதுதான் டானின். துப்புவது கேவலமில்லை, அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள்.

பள்ளிபாளையம் சிக்கனோடு டானின் தூக்கலான சிவப்பு சேராது, மிளகாய்க் காரம் இன்னும் எரியும். லேசாக இனிக்கிற செனின் பிளாங்க் என்கிற வெள்ளை வைன் பாருங்கள். சரி, பாட்டில் வாங்கிக்கொண்டு ஓசூர் தாண்டலாமா? அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் வழக்குதான். அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள்.