கரண்ட் போனாலும் தாங்கும் ஃபில்டர்: 450 லிட்டர் மீன் தொட்டிக்கு வீட்டிலேயே செய்யலாம்

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். இந்த அளவுத் தொட்டி கிட்டத்தட்ட 450 லிட்டர் பிடிக்கும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் விரல் நீளத்துக்கு வாங்கி வரும் ஆஸ்கர் குஞ்சு வளர்ந்து ஒரு அடியைத் தொடும் மீன். அதன் தீனிக்கும் கழிவுக்கும் மூலையில் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஈடுகொடுக்காது. நான் சொல்லப்போவது தொட்டியை விட உயரத்தில் வைக்கும் டிரம் ஃபில்டர். பம்பு தண்ணீரை மேலே ஏற்றும், டிரம்முக்குள் வடிந்து அது தானாகவே தொட்டிக்குத் திரும்பும். அவ்வளவுதான் அமைப்பு.

ஏன் டிரம்? ஃபில்டர் என்பது அழுக்கைப் பிடிக்கும் சல்லடை மட்டுமல்ல, பாக்டீரியா குடியிருக்கும் வீடு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். டப்பா மாதிரி மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் சில மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அவை சாகத் தொடங்கும். டிரம்மிலோ தண்ணீர் முழுக்க வடிந்துவிடும், ஈரம் மட்டும் காற்றோடு நிற்கும். பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்.

வாங்க வேண்டியவை

மூடி போட்ட 40 லிட்டர் புது டிரம் (பெயின்ட், கெமிக்கல் இருந்த பழையது வேண்டாம்), ஒன்றரை இஞ்ச் டேங்க் கனெக்டர் (துளையில் குழாயைக் கசியாமல் பொருத்தும் துண்டு) 2, அதே அளவு பிவிசி குழாயும் எல்போவும், முக்கால் இஞ்ச் குழாய் ஒரு துண்டு, ஹோஸ், ஃபில்டர் பஞ்சு, காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடை ஒன்று, தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் சின்ன சப்மெர்சிபிள் பம்பு ஒன்று.

பம்பு அட்டையில் இரண்டு எண் இருக்கும். மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. ஹெச்-மேக்ஸ் என்று போட்டிருக்கும் உயரத்தில் ஒரு சொட்டுகூட வராது. நமக்குத் தண்ணீர் மட்டத்திலிருந்து 2 அடிக்கு மேல் ஏற வேண்டும். 2500 லிட்டர், ஹெச்-மேக்ஸ் 2.5 மீட்டர் உள்ளதை வாங்குங்கள்.

படி 1: துளையும் கசிவுச் சோதனையும்

டிரம்மின் அடிப்பாகத்தில் இரண்டு துளை. பக்கவாட்டு வளைவில் வாஷர் சரியாக உட்காராது, அதனால்தான் அடியில் போடுகிறோம். ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை போடும் பிளேடு) இல்லையென்றால் பிளம்பரிடம் கொடுத்துப் போட்டு வாங்குங்கள். துளையின் பிசிறைக் கத்தியால் சுரண்டிவிட்டு, ரப்பர் வாஷர் உள்பக்கம் வர, கனெக்டரைக் கையால் முறுக்கி, கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர் போடுங்கள். பிறகு கனெக்டர்களின் வாயை அடைத்து, டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் நாலணா அளவு ஈரம் தெரிந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

படி 2: காவல் குழாய்

ஒரு துளை வழக்கமான வடிகால். இரண்டாவதில் ஒரு குழாயை டிரம்முக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள், அதன் வாய் டிரம் விளிம்புக்கு 3 இஞ்ச் கீழே இருக்கட்டும். பஞ்சு அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே ஏறி, தரையில் கொட்டாமல் இந்தக் குழாய் வழியாகத் தொட்டிக்கே போகும். இரண்டாவது குழாயில் தண்ணீர் வந்தால் பஞ்சைக் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: உள்ளே அடுக்குவது

கூடையைக் கவிழ்த்து வடிகால் மேல் வையுங்கள். அதன் மேல் லாவா கல் (துளைத்துளையான எரிமலைக் கல்), அல்லது பாத்திரம் தேய்க்கும் நைலான் ஸ்கிரப்பர் (சோப்பு கலக்காதது, கம்பி இல்லாதது). ஸ்கிரப்பர் விலை குறைவு, பாக்டீரியா ஒட்ட இடமும் ஏராளம். வேறு கல் போடுவதென்றால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சு, காவல் குழாய் வாய்க்குக் கீழே நிற்கும்படி. பஞ்சுக்கு மேலே, ஒரு முனை அடைத்த முக்கால் இஞ்ச் குழாயில் வரிசையாகத் துளையிட்டுக் குறுக்கே வைத்து, மறுமுனையில் பம்பிலிருந்து வரும் ஹோஸை மாட்டுங்கள். தண்ணீர் ஒரே இடத்தில் விழாமல் பரவி விழ வேண்டும்.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

டிரம்மைக் கண்ணாடி மேல் வைக்கவே கூடாது. பக்கத்தில் இரும்பு ஆங்கிள் ரேக், அடிப்பாகம் தொட்டி விளிம்பை விட உயரமாக. பம்பைத் தொட்டியின் நடு உயரத்தில் பொருத்துங்கள். எங்காவது குழாய் கழன்றாலும் மீனுக்குப் பாதித் தண்ணீர் மிஞ்சும். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் சொட்டு சாக்கெட்டுக்குப் போகாது. தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

வடிகாலில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1800 லிட்டர், அதாவது தொட்டித் தண்ணீர் மணிக்கு 4 முறை சுற்றுகிறது. போதும்.

படி 5: பொறுமை

பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நோயில்லாத மீன் வைத்திருக்கும் நண்பரின் ஃபில்டரிலிருந்து ஒரு பிடி அழுக்குப் பஞ்சு கிடைத்தால் சீக்கிரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை ஒன்றிரண்டு சிறு மீனோடு நிறுத்துங்கள், தீனியும் கொஞ்சமாக.

என் முதல் ஃபில்டரைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவினேன். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது, இரண்டு ஆஸ்கரும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து, பஞ்சை மட்டும் அதில் பிழிகிறேன். கல்லையும் ஸ்கிரப்பரையும் தொடுவதில்லை, தண்ணீர் தேங்கும் அளவு சேறு படிந்தால் மட்டும் அதே தண்ணீரில் ஒரு முக்கு.

கரண்ட் வந்ததும் ஒரு தடவை தொட்டிப் பக்கம் போய் வாருங்கள். பம்பு உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீருக்குள்ளேயே பம்பைச் சாய்த்து ஆட்டுங்கள். குமிழி வெளியே வந்துவிட்டால் மறுபடி போடலாம்.