நாலாவது மாடியில் எரு வாளி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃபிளாட் நாலாவது மாடி. மண் என்று பார்த்தால் ஐந்தாறு தொட்டிகள்தான். அதில் கறிவேப்பிலைக்கு மட்டும் ராஜமரியாதை. வாரம் தவறாமல் பறித்துக் குழம்பில் போடுகிறோம். சாப்பிடும்போது ஒதுக்கிக் குப்பையில் போடுகிறோம். செடி மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அப்படியே குப்பை லாரி ஏறிப் போய்விடுகின்றன. அதைத் தொட்டிக்கே திருப்பத்தான், சமையலறைக் கழிவை மக்க வைத்து எருவாக்கும் இந்த வாளி.

மூடியுள்ள இருபது லிட்டர் வாளியில் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். முதலில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை. அப்புறம் காய்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, தேயிலைத் தூள். கூடவே ஒரு பிடி பழைய தொட்டி மண். மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் நிறைய இருக்கின்றன. ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால், காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு மூன்று பங்கு வேண்டும். ஈரக் கழிவில் தழைச்சத்து அதிகம், காய்ந்த இலையில் கரிமம் அதிகம்; நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒன்றுக்குக் கரிமம் 25, 30 மடங்கு தேவை. மீனும் எண்ணெய்க் குழம்பும் வேண்டாம், எலி வரும்.

நான் முதல் தடவை வெறும் தேங்காய்ச் சக்கையாகக் கொட்டினேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "என்னக்கா, எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மூக்கைத்தான் நம்புகிறேன். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை. கிளறி, காய்ந்த இலை சேருங்கள். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வந்தால் தழைச்சத்து காற்றோடு போகிறது என்று அர்த்தம். அதற்கும் காய்ந்த இலையே மருந்து.

புழு வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் குளவி மாதிரி இருக்கும் ஒரு கறுப்பு ஈயின் புழு அது, கடிக்காது.

மழையில் மட்டும் வைக்காதீர்கள். நகர நடுவே இருக்கும் புக்கிட் நானாஸ் காட்டில் இலை மக்கியதும் வேர்களும் பூஞ்சைகளும் சத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் வாளிக்குக் கீழே வேர் ஏது? சாயங்கால மழை சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். தட்டில் வடியும் நீரை வாளிக்குள்ளேயே ஊற்றி, மேலே காய்ந்த இலை போடுங்கள்.

வாளி பாதியாக இறங்கும். யாரும் திருடவில்லை, நுண்ணுயிர்கள் மூச்சு விட்டதில் கரிமம் கரியமில வாயுவாகப் போயிருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் வாசம் வரும். கொஞ்சம் எடுத்து மண்ணோடு கலந்து நாலு வெந்தயம் போட்டுப் பாருங்கள். முளைக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் மூடி வையுங்கள்.