ஏங்கிப் போகும் நாய்: வீட்டுக்குப் பூனை வரும்போது நாம் செய்யும் தவறுகள்

தம்பியோ தங்கையோ பிறந்ததும், அதுவரை தாயின் மடியைத் தனக்கென்றே வைத்திருந்த தலைச்சன் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், இரவில் சிணுங்கி, தொட்டதற்கெல்லாம் அடம்பிடித்தால், நம் பாட்டிமார் அதைப் பொறாமை என்று சொல்லமாட்டார்கள். ‘பிள்ளை ஏங்கிப் போச்சு’ என்பார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்க, இன்னொரு பிராணியைக் கொண்டுவந்த பிறகு அந்த நாயிடம் நாம் காணும் மாற்றத்துக்கும் இதுவே பொருத்தமான சொல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொறாமை என்று பெயரிட்டால் கண்டிக்கத் தோன்றுகிறது. ஏக்கம் என்று பெயரிட்டால் அந்த உயிர் எதை இழந்தது என்று பார்க்கத் தோன்றுகிறது. முதல் தவறு அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் அண்மையில்தான் பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் நடப்பிலிருந்த பூனை வளர்ப்புத் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட வகை நாய் ஒன்றும், இரண்டு பூனைகள் வரையிலும் வைத்துக்கொள்ளலாம். பூனைக்கு மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெற வேண்டும். இரண்டாவது நாய்க்கு அனுமதி இல்லாததால், கழக வீட்டில் ஏங்கிப் போகும் நாய்க்குப் போட்டியாக வருவது பெரும்பாலும் பூனைதான். ஆகவே இக்கட்டுரையில் பூனையை முன்வைத்தே பேசுகிறேன்.

நாய்க்கு உண்மையிலேயே இத்தகைய உணர்வு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். 2014இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டீன் ஹாரிஸும் கரோலின் புரூவோவும் 36 நாய்களை அவற்றின் வீடுகளிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். உரிமையாளர் ஒரு பொம்மை நாயைக் கொஞ்சியபோது நாய்கள் இடையில் புகுந்தன, உரிமையாளரைத் தள்ளின, சில அந்தப் பொம்மையைக் கடிக்கவும் பாய்ந்தன. அவர் ஒரு புத்தகத்தை உரக்கப் படித்தபோது அந்த அளவுக்கு நடந்துகொள்ளவில்லை. 2021இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் அமலியா பாஸ்டோஸும் குழுவினரும் 18 நாய்களிடம் நடத்திய ஆய்வில், தடுப்புக்குப் பின்னால் உரிமையாளர் பொம்மை நாயைத் தடவும்போது, அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நாய்கள் வாரை வலுவாக இழுத்தன. நாயின் மனத்துக்குள் இருப்பது மனிதப் பொறாமையேதானா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தன் ஆளின் கவனம் வேறிடம் போவதை நாய் கவனிக்கிறது, அதைத் திரும்பப் பெற முயல்கிறது என்பது நமக்குப் போதும்.

இந்த இடத்தில்தான் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். யீஷூனில் உள்ள எங்கள் நான்கறை வீட்டுக்கு மல்லி என்ற பூனைக்குட்டி வந்தபோது, எங்கள் ஷிட்ஸூ நாய் லட்டுவுக்கு ஏழு வயது. மல்லி வரவேற்பறையில் இருக்கும் நேரமெல்லாம் நான் லட்டுவைச் சமையலறைத் தடுப்புக்குப் பின்னால் விட்டுவிடுவேன். மல்லியை அறைக்குள் அனுப்பிவிட்ட பிறகு, குற்ற உணர்வோடு லட்டுவைத் தூக்கிக் கொஞ்சி, அதற்குப் பிடித்த கோழித்துண்டுகளையும் கொடுப்பேன். இருவருக்கும் நியாயமாகப் பங்கு வைக்கிறேன் என்றே எண்ணியிருந்தேன். நாயின் கணக்கு வேறு. பூனை வந்தால் தடுப்பு, தனிமை, ‘சும்மா இரு’ என்ற அதட்டல். பூனை போனால் மடி, கோழி, அன்பு. இந்தப் பாடத்தை ஒரு நாளைக்கு நான்கு முறை, ஐந்து முறை என்று மூன்று வாரங்கள் நானே கற்றுக்கொடுத்தேன். அறைக்கதவின் பின்னால் மல்லியின் நடமாட்டம் கேட்டாலே லட்டு குரைக்கத் தொடங்கியதும், என் மெத்தையில் சிறுநீர் கழித்ததும் அதன் விளைவுகள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. பூனை கண்ணில் படும்போதுதான் நல்லவை நடக்க வேண்டும். பூனை தொலைவில் தோன்றிய நொடியில் கோழித்துண்டு வரட்டும். பூனை மறைந்ததும் கோழியும் நிற்கட்டும். நாய் எந்த வித்தையும் செய்து காட்ட வேண்டியதில்லை. அந்த வரவும் இந்த நன்மையும் ஒன்றையொன்று தொடர்ந்தால் போதும். சில நாட்களில், பூனையைக் கண்டதும் அதை நோக்கி விறைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ‘வந்துவிட்டதே, எங்கே என் பங்கு?’ என்று கேட்கும் அந்தப் பார்வையைத்தான் நாம் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது பதினொன்றாம் நாள் வந்தது. அந்த நாளை நான் மறக்கமாட்டேன். தின்பண்டத்தின் அளவை அன்றைய உணவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சிறிய நாய்கள் விரைவில் எடை கூடிவிடும்.

உறுமலை அடக்குவது இன்னொரு பெருந்தவறு, ஆபத்தானதும்கூட. நாய் உறுமும்போது அது நம்மிடம் மரியாதையாகப் பேசுகிறது: இதற்கு மேல் நெருங்க வேண்டாம், எனக்கு அச்சமாக இருக்கிறது என்கிறது. அதட்டியோ மூக்கில் தட்டியோ அந்தக் குரலை நிறுத்திவிட்டால் அச்சம் போய்விடுவதில்லை, எச்சரிக்கை மட்டும் போய்விடுகிறது. அத்தகைய நாய் பின்னொரு நாள் முன்னறிவிப்பின்றிக் கடிக்கக்கூடும். உறுமல் கேட்டால் தொலைவை அதிகமாக்குங்கள். அடுத்த முறை அந்தத் தொலைவிலிருந்தே தொடங்குங்கள். உறுமலுக்கு முன்பே வேறு அறிகுறிகளும் உண்டு: தூக்கம் வராத வேளையில் கொட்டாவி, உணவு இல்லாதபோது உதட்டை நக்குதல், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தல், உடல் கல்லாகிப் போதல். வாலாட்டினால் மகிழ்ச்சி என்று பொருள்கொள்வதும் சரியன்று. உடல் விறைத்திருக்க, உயர்த்திய வால் மட்டும் வேகமாக அசைந்தால் அது நட்பின் அறிகுறி அல்ல. நாய் நம் கைக்கும் பூனைக்கும் நடுவில் முகத்தை நுழைப்பதைப் படமெடுத்துச் சிரித்து, குடும்பக் குழுவில் பகிர்ந்துகொள்கிறோம். அந்தப் படத்தையே ஒலியில்லாமல் ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், மேற்சொன்ன அறிகுறிகளில் இரண்டு மூன்றாவது தென்படும்.

முதல் நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்று கெடுத்ததைச் சரிசெய்ய மாதங்கள் ஆகின்றன. பூனைக்கூண்டை வரவேற்பறை நடுவில் வைத்துத் திறந்துவிடுவதும், பூனையைக் கையில் ஏந்தி ‘இங்கே பார், உன் தங்கச்சி’ என்று நாயின் மூக்கருகே நீட்டுவதும் நம் வீடுகளில் வழக்கம். கையில் இருக்கும் பூனைக்கு ஓட வழியில்லை, ஆகவே நகத்தால் கீறும். மூக்கில் கீறல் வாங்கிய நாய்க்கு முதல் அறிமுகமே வலியாகிவிடும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நாளில் பூனையைக் கொண்டுவந்தால் பிள்ளைகளும் விருந்தினரும் மகிழ்வார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாய் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும். விருந்து முடிந்து, வீடு தன் வழக்கமான ஓசைக்குத் திரும்பிய பிறகு கொண்டுவருவதே நல்லது.

முதல் சில நாட்கள் பூனைக்குத் தனி அறை வேண்டும். இடமில்லை என்று வீட்டின் காப்பறையில் அடைத்துவிடாதீர்கள்; எஃகுக் கதவும் சன்னலற்ற சுவரும் கொண்ட அந்த இடம் நம் வெப்பத்தில் ஓர் உயிர் தங்குவதற்கு ஏற்றதன்று. படுக்கையறை ஒன்றை ஒதுக்கி, சன்னல்களுக்கு வலை பொருத்தி, அங்கேயே உணவும் நீரும் மணல்தட்டும் வையுங்கள். நாய்க்கு முதலில் தெரிய வேண்டியது பூனையின் வாசம், உருவம் பின்னர்தான். பூனை படுத்த துண்டை நாயின் படுக்கைக்குச் சற்றுத் தள்ளி வைக்கலாம், நாய் படுத்த துணியைப் பூனையின் அறையில் வைக்கலாம். மூடிய கதவின் இரு புறமும் ஒரே வேளையில் இரண்டுக்கும் உணவளித்து, கிண்ணங்களை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கதவருகே நகர்த்துங்கள். இரண்டும் அமைதியாக உண்டால் மட்டுமே அடுத்த கட்டமாகக் கதவுக்குப் பதில் கம்பித் தடுப்பு. அதுவும் நன்றாகப் போனால், நாயை வாரில் பிடித்தபடி ஒரே அறையில் சில நிமிடங்கள். கால அட்டவணையை நாம் எழுத முடியாது. சில வீடுகளில் இரண்டு வாரங்கள், சில வீடுகளில் சில மாதங்கள்.

இந்தத் தனிமை நாட்களுக்கு மருத்துவக் காரணமும் உண்டு. நம் ஈர வெப்பத்தில் உண்ணிகளும் தெள்ளுகளும் ஆண்டு முழுவதும் பெருகுகின்றன. படர்தாமரை பூனையிடமிருந்து நாய்க்கும் நமக்கும் தொற்றக்கூடியது. கால்நடை மருத்துவர் பார்த்து முடிக்கும் வரை இரண்டையும் ஒட்டவிடாமல் இருப்பதே பாதுகாப்பு.

வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றாவிட்டால் மேலே சொன்னவை பயன் தராது. அம்மா தடுப்பைச் சாத்தி வைக்க, பாட்டி பாவமென்று திறந்துவிடுகிறார். பணிப்பெண்ணுக்கு யாரும் விளக்கவில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் நேரே பூனையிடம் ஓடுகிறார்கள். எழுதி ஒட்டுவதைவிட, பணிப்பெண்ணையும் பாட்டியையும் அருகில் அமர்த்தி ஒரு முறை செய்து காட்டுவதே மேல். பகல் முழுவதும் அந்த இரு பிராணிகளோடு இருப்பவர்கள் அவர்கள்தாம். வேலைக்குச் சென்றிருக்கும் நாம் அல்லர். வாசலில் நுழைந்ததும் முதலில் நாயிடம் பேசுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நாயின் பழைய உரிமைகளைப் பறிப்பதும் ஏக்கத்தை வளர்க்கும். ஏழு ஆண்டுகளாகப் படுத்த சோபா மூலையைப் பூனைக்குக் கொடுத்துவிடுவது, பூனைக்கு மணல் மாற்ற நேரமாகிறது என்று காலை நடையைச் சுருக்குவது, கட்டிலில் உறங்கிய நாயைப் பூனை வந்த இரவிலிருந்து வெளியே படுக்கவைப்பது ஆகிய மூன்றையும் நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உறங்கும் இடத்தை மாற்றியே ஆக வேண்டுமானால் பூனை வருவதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். காலை நடையை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். புளோக்கின் கீழேயும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மோந்து நடந்து களைத்த நாய், வீட்டில் சண்டைக்கு நிற்பது குறைவு.

உணவுக் கிண்ணங்களை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. பூனையின் உணவில் கொழுப்பும் புரதமும் மிகுதி, அதன் மணம் நாயை ஈர்க்கும். நாயின் உணவோ பூனைக்குத் தேவையான டாரின் சத்தைப் போதிய அளவில் தராது. பூனையின் கிண்ணத்தை உயரமான அலமாரியில் வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். உயரம் பூனைக்கு வேறு வகையிலும் தேவை: நாய் எட்டமுடியாத இடத்தில் அமர்ந்து கீழே பார்க்கும் பூனை ஓடுவதில்லை, ஓடாத பூனையை நாய் துரத்துவதும் இல்லை. மணல்தட்டு நாய்க்கு எட்டாத மூலையில் இருக்கட்டும், ஆனால் பூனைக்கு இரண்டு வழியாவது இருக்க வேண்டும். ஒரே வழியை நாய் மறித்துப் படுத்தால் பூனை வேறிடத்தில் கழிக்கத் தொடங்கும், பழி பூனைமேல் விழும்.

எல்லாவற்றையும் ஏக்கம் என்று எடுத்துக்கொள்வதும் தவறே. ஜாக் ரஸல் டெரியர் போன்ற நாய்கள் சிறு விலங்குகளை விரட்டிப் பிடிக்கவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அத்தகைய நாய் வெள்ளெலிக் கூண்டின்முன் அசையாமல் மணிக்கணக்காக நின்றால் அது அன்பும் அல்ல, ஏக்கமும் அல்ல, அது வேட்டையுணர்ச்சி. கோழித்துண்டால் அதை நட்பாக மாற்றிவிடலாம் என்று நம்பி வெள்ளெலியையோ முயலையோ வெளியே விடாதீர்கள். அந்த நாயும் சிறு பிராணியும் கதவு சாத்திய தனித்தனி அறைகளிலேயே வாழட்டும். அதுபோல, அமைதியாக இருந்த முதிய நாய் திடீரென்று பூனைமேல் சீறத் தொடங்கினால் மூட்டுவலியோ பல்வலியோ இருக்கலாம். பயிற்சியாளரைத் தேடுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தனியார் வீடுகளில் நாய், பூனை சேர்த்து மூன்று வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே இரண்டாவது நாயும் வரலாம். அறிமுகம் வீட்டுக்குள் வேண்டாம். யாருக்கும் உரிமையில்லாத ஒரு பாதையில், இருவர் இரண்டு நாய்களையும் வாரில் பிடித்து, நல்ல இடைவெளியில் ஒரே திசையில் நடந்து, பின்னர் ஒன்றாக வீட்டுக்குள் நுழையுங்கள்.

‘அவை தமக்குள் தீர்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பல வாரங்கள் ஒரு சீறலும் விரட்டலும் இல்லாமல் கழிந்த பின்னரே இரண்டையும் தனியே விட வேண்டும். அதுவும் முதலில் குப்பை கொட்டிவரும் நேரம், பிறகு கீழே காப்பிக்கடைக்குப் போய்வரும் நேரம் என்று சிறிது சிறிதாக நீட்டிக்க வேண்டும். வீட்டுக் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அந்த நேரத்தில் நாய் எங்கே படுத்திருந்தது என்று பாருங்கள். பூனையின் அறைக்கதவை மறித்துக் கிடந்திருந்தால் இன்னும் நாளாகவில்லை. தன் பழைய சோபா மூலையில் வயிற்றைக் காட்டி உறங்கியிருந்தால், அடுத்த முறை அரை மணி நேரம் கூடுதலாக வெளியே இருந்துவிட்டு வரலாம்.