கடற்கரை ஊரில் மாலைக் கூட்டம் நடத்த: பாம்பனிலிருந்து ஒருத்தி சொல்வது

கலை, படிப்பு, ஆறுதல் மூன்றும் சேர்ந்த கூட்டம் ஒன்றை ஊரில் வாராவாரம் நடத்துவதென்றால், முதலில் எந்தக் கிழமை என்று பேசிவிடுவோம். எங்கள் கடற்கரையில் நல்ல எண்ணத்தோடு கூட்டுகிற பல கூட்டங்கள் ஆள் சேராமல் போவதற்குக் காரணம் நாள்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஞாயிறு வைப்போம் என்பார்கள். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். ஞாயிறு காலையில் மீனை இறக்கி, தரம் பிரித்து, மிஞ்சியதைக் கீறி உப்புப் போடுவதற்குள் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, சர்ச்சில் பூசை வேறு. வியாழக்கிழமை வந்த படகு சனிக்கிழமைதான் கிளம்பும். அதனால் நடுவில் கிடைக்கும் வெள்ளி சாயங்காலம்தான் எங்களுக்குத் தோது. ஜும்ஆ தொழுகை மதியமே முடிந்துவிடும். சாயங்காலம் அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் வைத்தால் முஸ்லிம் வீட்டு லாத்தாமார்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

நாட்டுப்படகு ஊரென்றால் கணக்கு வேறு. அங்கே உள்ளவர்களைக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். சின்னப்பாலம் மாதிரி பெண்கள் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கிற ஊரென்றால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும், அப்போது அவர்கள் தண்ணீரில் இருப்பார்கள். அஷ்டமி, நவமிப் பக்கம் வைத்தால் கரையில் இருப்பார்கள்.

இடம்: வலை பின்னும் கூடம். கோயில் மண்டபத்தில் வைத்தால் ஒரு பக்கம் தயங்கும், சர்ச் வளாகத்தில் வைத்தால் இன்னொரு பக்கம் தயங்கும். வலைக் கூடத்தில் எல்லாரும் உரிமையோடு உட்காருவார்கள். ஊர்த்தலைவரிடமும் சங்கத்தாரிடமும் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மைக் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். "கணவனை இழந்தோர் ஆறுதல் கூட்டம்" என்று பலகை எழுதி வைத்தால் ஒருத்தியும் வரமாட்டாள். வருகிற ஒருத்தியையும் தெருவே திரும்பிப் பார்க்கும். "ஓலைப் பெட்டி முடையப் பழகலாம்" என்று சொல்லுங்கள், அதே பெண்கள் வருவார்கள். கலைக்கு ஒரு நாள், படிப்புக்கு ஒரு நாள், ஆறுதலுக்கு ஒரு நாள் என்று பிரிக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கை வேலையில் இருந்தால்தான் எங்கள் பெண்களுக்கு மனசு திறக்கும். குனிந்து ஓலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஓலை பனங்குருத்தாக இருக்க வேண்டும். முற்றிய ஓலை விரலைக் கிழிக்கும். முந்தின வாரமே சாயல்குடிப் பக்கம் சொல்லிவைத்து வாங்கி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் கிழித்துக் கட்டி வையுங்கள். முடைவதற்கு முன் தண்ணீரில் நனைத்து எடுத்து ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது ரொம்ப அவசியம், அந்தக் காற்றில் ஓலை நொடியில் உலர்ந்து மடக்கும்போது முறியும். முதல் நாள் பெட்டி வேண்டாம், விசிறியோ கிலுகிலுப்பையோ போதும். முடித்த பொருளைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் அடுத்த வாரமும் வருவாள். சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் தேடாதீர்கள். முடையத் தெரிந்த பாட்டி எந்தத் தெருவிலும் இருப்பார். அவரைத் தேடிப் போய் "நீங்க வந்து உக்காந்தாப் போதும் ஆத்தா" என்று அழையுங்கள்.

பாட்டும் அப்படித்தான். கரைவலை இழுத்த பெரியவர்களிடம் வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டு நிறைய இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து "பாடுங்க தாத்தா" என்றால் இரண்டு வரியில் நின்றுவிடும். நல்ல கயிறு ஒன்றைக் கூடத்துத் தூணில் கட்டி, பிள்ளைகளை வரிசையாகப் பிடிக்கச் சொல்லி, பெரியவரை முன்னால் நிறுத்துங்கள். கயிறு இறுகியதும் அவர் அடி எடுப்பார், பிள்ளைகள் ஏலேலோ போடுவார்கள், பாட்டு தானாக நீளும். அவர் சம்மதத்தோடு போனில் பதிந்துகொள்ளுங்கள். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. அவர்களிடம் பாட்டையும் கூட்டத்துச் செய்தியையும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடம் போதும். வாடை, கச்சான், கொண்டல், சோளகம் எந்தெந்தத் திசைக் காற்று என்று திசைகாட்டியை வைத்துக் கேளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. குருசடை, மனோலி, முயல் தீவு என்று எத்தனை பெயர் வருகிறது என்று பாருங்கள், அப்பாமாரும் நடுவில் புகுந்து சொல்வார்கள். வாடைக்காலம் தொடங்குமுன் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுகளைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். 1, 2 என்றால் புயல் தூரக் கடலில். 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே மோசமான காற்று வரும். 5 முதல் 7 அபாயம், 8 முதல் 10 பெரிய அபாயம், 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. "கூண்டு ஏத்திட்டாங்களாம்" என்று பதறுவதற்குப் பதில் எத்தனையாம் எண் என்று பிள்ளை கேட்க வேண்டும்.

ஓலை முடையும்போது கணவனை இழந்த பேச்சு வந்தால் என்ன செய்வது? யாரும் கேள்வி கேட்காதீர்கள். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். "எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள், எழுதிவைக்காதீர்கள். கடலில் காணாமல்போனவர் மனைவியை விதவை என்று யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. அவர் இன்னும் காத்திருக்கிறார். ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் கொள்ளும். அதுவரை எப்.ஐ.ஆர். நகல், கடலுக்குப் போக வாங்கிய டோக்கன், மீனவர் அட்டை எல்லாம் ஒரே பையில் பத்திரமாக இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எண் 15100. மனசு உடைந்து தூக்கமில்லாமல் கிடப்பவர்களுக்கு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். இந்த இரண்டு எண்ணையும் ஓலை விசிறியின் பின்பக்கம் மார்க்கரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். துண்டுச்சீட்டை வீட்டில் யாராவது கேள்வி கேட்பார்கள், விசிறியை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சுண்டல், கருப்பட்டிக் காப்பி. முறைவைத்து வீட்டுக்கு வீடு செய்தால் செலவு தெரியாது. மார்கழி, தையில் பனங்கிழங்கு அவித்தால் போதும். தலைக்கு இவ்வளவு என்று வசூல் வைக்காதீர்கள், கையில் காசில்லாதவள்தான் முதலில் நின்றுபோவாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பணம் இறுக்கம், ஆனால் ஆண்கள் கரையில், பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. கும்மி, ஒயில், சிலம்பம் என்று பெரிதாக எதையாவது பழக்க இதுதான் காலம். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய 1,500 ரூபாய் கட்டியாயிற்றா, பாஸ்புக் யாரிடம் இருக்கிறது என்பதையும் ஒரு வெள்ளி உட்கார்ந்து சரிபாருங்கள். ஆண்கள் வலை கட்டிக்கொண்டே பேச்சைக் கேட்பார்கள், விரட்டாதீர்கள். குடியைப் பற்றிய பேச்சு மட்டும் பெண்கள் தனியாக இருக்கும்போது நடக்கட்டும்.

தடை முடிகிற வாரம் கூட்டம் வேண்டாம். ஐஸ், டீசல், வலை ஏற்றுவது என்று ஊரே படகுத்துறையில் நிற்கும். அதற்கடுத்த வெள்ளிக்குக் குருத்தோலை சொல்லிவையுங்கள்.