தொண்டை கட்டிய பாடகருக்குக் கார்சியா காட்டிய வழி

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளின் ஆலயப் பாடகர் குழுக்கள் இரவில் வீடு வீடாகக் கேரல் பாடப் புறப்படுகின்றன. பனியிலும் ட்ரம் ஓசையிலும் உரக்கப் பாடிப் பாடி, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்பே சிலருக்குக் குரல் கம்மிவிடுகிறது. அவர்களை மீட்க விரும்பும் குழுத் தலைவர், மானுவேல் கார்சியாவிடமிருந்து தொடங்குவது நல்லது. 1805இல் ஸ்பெயினில் பிறந்து, 1825இல் தந்தையின் குழுவோடு நியூயார்க்கில் ஆப்பரா எனும் மேற்கத்திய இசைநாடகத்தில் பாடிய அவர், இளமையிலேயே மேடையை விட்டுப் பாரிசிலும், 1848 முதல் லண்டனிலும் குரல் ஆசிரியராகவே வாழ்ந்து 101 வயதில் மறைந்தார்.

1841இல் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் நலிந்த குரலோடு வந்தபோது, பாடம் தொடங்குவதற்கு முன் ஆறு வாரம் பாடக்கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்றார் கார்சியா. நீங்களும் ஓய்விலிருந்தே தொடங்குங்கள். 440 ஹெர்ட்ஸ் சுருதியில் பாடும்போது குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. வீங்கிய நாண்களை மேலும் மோதவிட்டால் வீக்கம் தணியாது. கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. குரல் கம்மியவர் ஒத்திகைக்கு வரட்டும், பாட்டுத்தாளைக் கண்ணால் மட்டும் தொடரட்டும். மிளகும் கருப்பட்டியும் கலந்த சுக்குக் காப்பி தொண்டைக்கு இதமானதுதான், ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குள் போகிறதே தவிர நாண்களைத் தொடுவதில்லை. நிறையத் தண்ணீர் குடிப்பதும் ஆவி பிடிப்பதும் உதவும். மூன்று வாரம் கடந்தும் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பத் தயங்க வேண்டாம். சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் நீட்டிக் குரல்நாண்களைப் பார்க்கும் முறையை 1854இல் தம்மிடமே செய்து பார்த்து உலகுக்குக் காட்டியவரும் கார்சியாதான்.

குரல் தெளிந்தபின் உதடு மூடி ‘ம்’ என்று, நடு ஸ்தாயியில் ஐந்து சுரங்களை மேலிருந்து கீழாக மெல்லப் பாடவைக்கலாம். இக்காலக் குரல் பயிற்சியாளர்கள், நீருள்ள டம்ளரில் ஸ்ட்ராவை வைத்து அதன் வழியே ஒலி எழுப்பும் பயிற்சியையும் தருகிறார்கள். வலியோ இறுக்கமோ தோன்றினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட வேண்டும். பிறகு ‘ஆ’, அதன் பிறகே பாட்டு.

ஆப்பரா பாடகரின் குரல் மைக் இல்லாமலே வாத்தியக் குழுவைக் கடந்து கேட்பதற்குக் கத்தல் காரணமன்று. 3000 ஹெர்ட்ஸ் அருகே குரலின் ஆற்றலைத் திரட்டும் பயிற்சியே காரணம். அந்தப் பயிற்சி நம் குழுவுக்கு வரும்வரை, கீபோர்டில் சுருதியை ஒரு படி இறக்கி, ட்ரம்மை அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். குரல் இன்னும் ஆறாதவருக்கென வைத்திருந்த தனிப்பாடலை இந்த ஆண்டு வேறொருவருக்குக் கொடுங்கள். அதற்கான காரணத்தை அவரிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்.